சின்னக்காவின் நோட்டில் இருந்த புல்லுருவி

என் தங்கை புல் வெட்டி முடித்த இடத்தில் நான் ஸ்கேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றேகால் அங்குலம் என்று அவள் சொன்னால் ஒன்றேகால் அங்குலம்தான். நடுவட்டத்தில் அளந்தாலும் அதுதான், மூலைக்கொடி பக்கம் அளந்தாலும் அதுதான். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. அளந்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவள் ஒரு கால்பந்து கிளப்பின் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நான் அதே கிளப்பில், வடக்கு கேலரிக்குக் கீழே உள்ள அறையில் ஆட்டக்காரர்களின் ஜெர்சிகளைத் துவைக்கிறேன். மூன்று வாஷிங் மெஷின், இரண்டு தொட்டி, ஒரே ஒரு ஜன்னல். அறை பள்ளத்தில் இருப்பதால் ஜன்னல் வழியே எனக்குத் தெரிவது புல்லும் மனிதர்களின் கால்களும்தான். முகத்தைப் பார்க்காமல் செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். அங்கே எல்லோருக்கும் நான் பெரியக்கா, அவள் சின்னக்கா. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எட்டாம் வகுப்போடு எங்கள் இருவர் படிப்பும் நின்றது. எனக்கு அதன் பிறகு எழுத்து என்றால் ஜெர்சியில் உள்ள எண் மட்டும்தான். அவள் எழுதுவதை விடவில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஆறு வருஷம் பெட்டி மடித்தபோதும் உடைந்த அட்டையின் பின்புறம் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பாள். அவள் கல்யாணம், அது முறிந்த விதம், இதெல்லாம் அவள் சொல்ல வேண்டியது. நான் சொன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். திரும்பி வந்தவளை நான்தான் கேலரி பெருக்கும் வேலையில் சேர்த்துவிட்டேன்.

ஏழாவது மாதம், புல் வெட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் ஆட்டம். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு மெஷினை இழுத்துக்கொண்டு போனாள். யாரும் சொல்லித்தரவில்லை, பெருக்கிக்கொண்டே பார்த்து வைத்ததுதான். காய்ச்சல் தெளிந்து வந்த மனிதர் மைதானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “நான் வேற வேலை தேடிக்க வேண்டியதுதான்” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். இரண்டு மாதத்தில் நிஜமாகவே போய்விட்டார். “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு கேள்விப்பட்டிருக்கேன், இன்னைக்குத்தான் பார்த்தேன்” என்று வாட்ச்மேன் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது.

அன்று முதல் மெஷினின் கைப்பிடியில் ஒரு நோட்டைக் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். மழை, வெயில், புல்லின் உயரம், எந்த மூலையில் என்ன வாடல், எல்லாம் அதில் இருக்கும். எல்லாக் குழப்பமும் அந்த நோட்டிலிருந்துதான் வந்தது.

போன வருஷம் வடக்குப் பக்கம் நான்கு உயரமான கம்பங்களில் மேனேஜர் புதிய விளக்குகள் போட்டார். கமிட்டியிடம் இரண்டு வருஷம் நடையாய் நடந்து வாங்கியது. கம்பத்தடியில் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார். ஏழாவது வாரம், வடக்கு கோல் கம்பத்திலிருந்து பதினொரு எட்டுத் தூரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் புல் பழுத்திருந்தது. நான்கு நாளில் அது பெரிய தாம்பாளம் அளவு ஆனது. பக்கத்தில் இன்னும் இரண்டு. அடுத்த வாரம் ஒன்பது. தண்ணீர் விட்டாலும் தேறவில்லை. பெரிய போட்டி எங்கள் மைதானத்தில் நடக்க இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது.

மேனேஜருக்கு அது நோய் என்று தோன்றவே இல்லை. “யாரோ என்னத்தையோ ஊத்துறாங்க” என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து கிளப்பும் இதே போட்டியைக் கேட்டிருந்ததாம். அவர்கள் நம் ஆட்களில் ஒருவரைக் கையில் போட்டிருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. வாசல் கதவில் இரண்டாவது பூட்டு வந்தது. மண்ணெண்ணெய் கேன், வெள்ளைப் பொடி மூட்டை, என் பிளீச்சிங் பவுடர் டப்பா, எல்லாவற்றையும் மேனேஜர் வந்து மோந்து பார்த்தார். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தோம்.

என் தங்கை மட்டும் வாயைத் திறக்கவில்லை. மைதானத்தில் ஒரு கல் நகர்ந்தாலும் என்னிடம் சொல்கிறவள், புல் கருகும்போது பேசாமல் இருந்தாள். அதுதான் எனக்கு முதல் உறுத்தல்.

இரண்டாவது உறுத்தல் என் அறையிலேயே இருந்தது. கறை எடுக்க ஒரு பெரிய கேனில் சோப் ஆயில் வைத்திருப்பேன். அது என் கணக்கைவிட வேகமாகக் குறைந்தது. ஒரு வியாழக்கிழமை மாலை கேனில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை காலை கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில், இன்னொன்று அவளிடம்.

வீட்டில் துணி அலமாரிக்குப் பின்னால் நான்கு கண்ணாடி பாட்டில்கள் இருந்தன. வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது. உள்ளே மண்ணும் புல்லும். “என்னடி இது?” என்றேன்.

“மண்ணு டெஸ்ட்டுக்கா.”

“மண்ணை எதுக்கு மூச்சு விட வெச்சிருக்க? துணி கட்டியிருக்கே?”

“நீ துணியைத் துவைக்கிற வேலையை மட்டும் பாருக்கா” என்று சிரித்துக்கொண்டே பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. அன்று அவள் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாம்பு என்று அடிக்கவும் முடியாமல், பழுது என்று தாண்டவும் முடியாமல் நின்றேன்.

திங்கட்கிழமை, கோடு போடுகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மைதானத்தில் வெள்ளைக் கோடு இழுக்கிறவர் அவர். கை, புருவம், காது மடல் எல்லாம் எப்போதும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அதனால் அவர் எங்களுக்குச் சுண்ணாம்பு. இரண்டு பையன்களைக் கல்லூரியில் படிக்க வைக்கிறவர். மூக்கு கொஞ்சம் தாராளமாக இருக்கும். அவரே அதைப் பற்றி ஜோக் அடிப்பார்: “கோடு நேரா வர்றது எப்படின்னு நினைக்கிறீங்க? மூக்கைப் பார்த்து நடந்தா போதும்.” என் தங்கைக்கும் அவருக்கும் ஆறு மாதத்துக்கு முன் பொடியை அள்ளிப் போடுவது பற்றி ஒரு சண்டை. புல் வேகிறது என்று இவள் கத்தினாள். அதன் பிறகு இருவரும் அளவோடுதான் பேசிக்கொண்டார்கள்.

அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். செருப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

“பெரியக்கா, நான் என்ன தப்பு பண்ணினேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க.”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

“ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. போன வாரம் பொழுது சாயற நேரத்துல சின்னக்கா கேன்ல எதையோ கொண்டுவந்து அந்தத் திட்டுப் பக்கம் ஊத்தினதை நான் பார்த்தேன். வாட்ச்மேனும் பார்த்தாரு. நான் வாயத் தொறக்கல. கூடப் பொறந்த பொறப்பு மாதிரி பழகிட்டமேன்னு இருந்தேன். இப்ப என்னை வெளிய அனுப்புறாங்க.”

அவர் போனதும் நான் அந்த இடத்துக்குப் போனேன். குனிந்து புல்லை மோந்து பார்த்தேன். என் சோப் ஆயில் வாசனை. எனக்குத் தெரியாத வாசனையா அது!

சாயங்காலம் வாட்ச்மேன் மீதியைச் சொன்னார். தங்கை சாப்பிடப் போன நேரத்தில் மேனேஜர் அவள் நோட்டைப் புரட்டியிருக்கிறார். ஒரு பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். வாட்ச்மேன் அதை எனக்கு மனப்பாடமாகச் சொன்னார்:

“புல்லுருவி நிச்சயம் உள்ளேதான் இருக்கிறது. பகலில் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. மூக்கு நீளம். பிடித்தால் கையில் பொடி ஒட்டுகிறது. விளக்கு போட்ட பிறகு வடக்குப் பக்கம் வருகிறது. தான் தின்பதில்லை, எல்லாம் பிள்ளைகளுக்காக. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.”

புல்லுருவி என்றால் என்ன? மரத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றைக் குடித்தே வாழும் செடி. கூட இருந்தே குழி பறிக்கிறவனுக்கும் அதே பெயர். மேடையில் பேசுகிறவர்கள் நாளுக்கு நாற்பது தடவை அதைச் சொல்கிறார்கள். நீள மூக்கு, கையில் பொடி, பிள்ளைகள். மேனேஜர் வேறு யாரை நினைப்பார்?

அந்த ராத்திரி நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இவளே எதையோ ஊற்றுகிறாள், பழைய சண்டைக்காகப் பழியை அவர் மேல் எழுதி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். என் கையில் வளர்ந்தவளைப் பற்றி அப்படி நினைத்தேன். பக்கத்தில் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவளுக்கு அதுவும் இல்லையே என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது.

புதன்கிழமை துவைத்த ஜெர்சிகளைக் கொடுக்க ஆபீஸ் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. தங்கை உள்ளே நின்றிருந்தாள். மேனேஜர் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

“இனிமே மறைக்காதம்மா. அந்தப் புல்லுருவியைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “உங்களுக்கும் தெரியுமா சார்? நான் மட்டும்தான் பார்த்தேன்னு நினைச்சேன்.”

“மூக்கு நீளம்னு நீயே எழுதியிருக்க.”

“ஆமா சார், ரொம்ப நீளம். மூஞ்சிக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும்.”

“பாவம்னு பார்க்காத. எத்தனை நாளா வர்றான்?”

“வெளக்கு போட்ட நாள்லேருந்து சார். நேத்து எண்ணிப் பார்த்தேன், நாப்பத்திரெண்டு.”

மேனேஜரின் நாற்காலி கிறீச்சிட்டது. “நாப்பத்திரெண்டு பேரா?”

“எல்லாம் வெளியேருந்து வந்தது இல்ல சார். பாதி இங்கேயே பொறந்தது.”

மேனேஜர் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். சுண்ணாம்பை எதற்காக அனுப்பினார் என்பதையும் சொன்னார். தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ சார், அது பூச்சி சார்! புல்லு உருவத்துல இருக்குற பூச்சி. அதனால புல்லுருவி.”

அவள் அந்தச் சொல்லை மேடைப் பேச்சில்தான் கேட்டிருந்தாளாம். புல்லோடு புல்லாக ஒளிந்திருக்கும் இந்தப் பூச்சியைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாளாம். அதன் பெயர் அதுதான் என்று எண்ணியே எழுதியிருக்கிறாள்.

மேனேஜர் நம்பவில்லை. எனக்கும் முழுதாக நம்பிக்கை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டிக்கொண்ட பிறகு யார் வேண்டுமானாலும் பூச்சி கதை சொல்லலாமே.

“பூச்சி ஒண்ணு வந்து கால்பந்து மைதானத்தைத் தின்னுடுமா? காதுல பூ சுத்துறியா?”

“பூச்சி தின்னாது சார். அதோட பிள்ளைங்க தின்னுது. புழு.”

“கேன்ல ஊத்தினது?”

“சோப்புத் தண்ணி சார். ஊத்தினா புழு மேல வரும்.”

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கமிட்டி வருது. அவங்க கண்ணு முன்னால புழுவைக் காட்டு. வரலேன்னா சுண்ணாம்பு பின்னாலேயே நீயும் போகலாம்.” பிறகு விரலை நீட்டினார். “எந்த இடத்துல ஊத்துறதுன்னு நான் சொல்வேன். நீ முன்கூட்டியே எதையாவது கொண்டுவந்து போட்டு வெச்சிருப்ப.”

அவள் சரி என்றாள். வெளியே வரும்போது என்னைப் பார்த்தாள். நான் ஜெர்சியை எண்ணுவது போல் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற நடுவர், பழக்கத்தில் இன்னும் கழுத்தில் விசில் தொங்கும். இன்னொருவர் ஒரு மருந்துக்கடைக்கார அம்மா. வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு நின்றிருந்தார். நான் கேன் தூக்கிக்கொண்டு போனேன். என் கேன்தானே.

தங்கை அடிப்பாகம் வெட்டிய ஒரு பெரிய தகர டின்னைக் கொண்டுவந்திருந்தாள். மேனேஜர் பெரிய திட்டின் நடு மையத்தில், ஒரு பச்சை இழைகூட இல்லாத இடத்தில் காலை வைத்து, “இங்க” என்றார்.

“சார், அங்க…”

“இங்க.”

அவள் டின்னை மண்ணில் அழுத்தினாள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி சோப் ஆயில் கலந்து ஊற்றினாள். நுரை மண்ணுக்குள் இறங்கியது. எல்லோரும் குனிந்து நின்றோம். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆனது. ஒரு எறும்பு வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

மேனேஜர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். “போதுமாம்மா?”

அவள் டின்னை மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்தாள்.

“சாப்பிட்டு முடிச்ச இலையில யாராவது உட்கார்ந்திருப்பாங்களா சார்?” என்றாள். “நடுவுல தின்னு முடிச்சாச்சு. பந்தி ஓரத்துக்கு நகர்ந்துபோச்சு. பச்சையும் பழுப்பும் சேருற இடத்துல பாருங்க. எந்த ஓரம்னு நீங்களே சொல்லுங்க, நான் சொல்லல.”

மருந்துக்கடை அம்மா மேனேஜரைக் கேட்கவில்லை. தானே நான்கு எட்டு நடந்து, திட்டின் ஓரத்தில் குடையை ஊன்றினார். “இங்க ஊத்தும்மா.”

ஊற்றினாள். மூன்றாவது நிமிஷம் புல்லின் அடியில் ஏதோ அசைந்தது. அழுக்குப் பச்சையில், உடம்பெங்கும் கரும்புள்ளி வைத்த, முக்கால் அங்குலப் புழு ஒன்று நுரையை விலக்கிக்கொண்டு நெளிந்து ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. எண்ணாமல் விடுகிறவளா அவள்! குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் போட்டாள். ஒரு டின் வட்டத்துக்குள் இருபத்தாறு.

“புலி பசிச்சாலும் புல் தின்னாதுன்னு சொன்னாங்க. புழுவைப் பத்தி ஒரு பயலும் சொல்லலையே” என்றார் வாட்ச்மேன்.

பிறகு அவள் புல்லுக்குள் விரலால் ஒரு இடத்தைக் காட்டினாள். எங்களுக்குக் காய்ந்த புல் துணுக்குதான் தெரிந்தது. அவள் விரல் தொட்டதும் அந்தத் துணுக்கு எழுந்து, கோணல்மாணலாகப் பறந்து, இரண்டு எட்டு தள்ளி இன்னொரு புல்லில் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் காய்ந்த புல்லாகிவிட்டது. நடுவர் மண்டியிட்டுப் பார்த்தார். வைக்கோல் நிறம். இறக்கைகளைப் பாயைச் சுருட்டுவது போல் உடம்போடு சுருட்டி வைத்திருந்தது. தலைக்கு முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்துப் பார்த்தவர் விரலில் மாவு போலப் பொடி ஒட்டியது.

அன்று அவள் கமிட்டிக்குச் சொன்னதை நான் அப்படியே தருகிறேன். இது ஒரு வகை அந்துப்பூச்சி. பகல் முழுதும் புல்லில் ஒட்டிக்கொண்டு தூங்கும். பொழுது சாயும்போதுதான் புல்லுக்கு மேலே தாழப் பறக்கும். பெண் பூச்சி முட்டையை எதிலும் ஒட்டி வைக்காது. பறந்துகொண்டே விதை தூவுவது போல் உதிர்த்துவிட்டுப் போய்விடும். ஒரு வாரத்தில் குஞ்சுப்புழு வரும். முதலில் புல்லின் மேல்தோலை மட்டும் சுரண்டும். வளர்ந்த பிறகு மண்ணை ஒட்டி நூல் கட்டி, ஒரு விரல் நீளக் குழாய் வீடு செய்துகொள்ளும். இருட்டிய பின் வெளியே வந்து புல்லை அடியோடு வெட்டி வீட்டுக்குள் இழுத்துப் போய்த் தின்னும். வீட்டு வாசலில் பச்சைப் பச்சையாகப் புழுக்கை கிடக்கும், அதை வைத்துத்தான் அவள் முதலில் கண்டுபிடித்தாள். பிறகு கூடு கட்டி, பூச்சியாக வெளியே வரும். வெயில் காலத்தில் எல்லாம் சேர்த்து ஆறு வாரம். பூச்சி உயிரோடு இருப்பது ஒன்றிரண்டு வாரம்தான். அது புல்லைக் கடிப்பதே இல்லை, பனித்துளியைத்தான் குடிக்கும். பாட்டில்களில் வைத்து அவள் இதை முட்டையிலிருந்து கடைசிவரை பார்த்திருக்கிறாள். ஒரு பாட்டிலில் மட்டும் பூச்சிக்குப் பதிலாகச் சின்னக் குளவிகள் வெளியே வந்தனவாம். புழுவுக்குள்ளேயே முட்டையிட்டு வளரும் குளவி.

“நம்ம மைதானத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு?” என்று கேட்டார் நடுவர்.

தங்கை முதல் முறையாகத் தயங்கினாள். கண் மட்டும் மேலே போனது. எல்லோரும் நிமிர்ந்து அந்த நான்கு கம்பங்களைப் பார்த்தோம்.

“வெளிச்சத்துக்கு வருது சார். வந்த இடத்துல முட்டையைப் போட்டுட்டுப் போகுது. பன்னெண்டு திட்டுல பத்து, வெளக்குக்கு நேர் கீழ.”

“அப்போ நான்தான் புல்லுருவின்னு சொல்றியா?” என்றார் மேனேஜர்.

வாட்ச்மேனுக்குத் திடீரென்று பலமாக இருமல் வந்தது.

பயிற்சி இல்லாத நாட்களில் விளக்கை அணைப்பது என்று அன்றே முடிவானது. விசில் ஊதி மைனாக்களை விரட்டுவதும் நின்றது. அவை புல்லைக் கொத்திக் கெடுக்கின்றன என்று மேனேஜர் போட்ட உத்தரவு அது. கொத்தியது புழுவை. திட்டின் ஓரங்களில் மட்டும், மாலை நேரத்தில், மருந்துக்கடை அம்மா விசாரித்து வாங்கித் தந்த மருந்தைப் போட்டார்கள். தங்கை புல்லை ஒன்றரை அங்குலம் வரை வளர விட்டாள். போட்டிக்கு நான்கு நாள் முன்பு கடைசித் திட்டும் பச்சையாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு திட்டு மட்டும் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

புழு வெளியே வந்த அந்த வெள்ளிக்கிழமையே சுண்ணாம்பைத் திரும்ப வரச் சொன்னார்கள். அவர் திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, என்னை விட்டுவிட்டு அவளை மட்டும் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரர் மூக்கைப் பத்தி நோட்டுல எழுதினது நீதானா?”

“அது அவர் மூக்கு இல்லீங்க அண்ணி.”

“ஊரே அவர் மூக்குன்னுதான் சொல்லுது.”

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்தார். கை கால் எல்லாம் கழுவி, பொடியில்லாமல் வேறு ஆளாக இருந்தார். தங்கை அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“சின்னக்கா, நீ பூச்சியைப் பத்தித்தான் எழுதின, அது புரியுது. ஆனா பதினேழு வருஷமா என்னைப் பார்க்குற மனுஷன், ஒரு வரியைப் படிச்சிட்டு இவன்தான்னு முடிவு பண்ணிட்டாரே. அதுதான் ஆறல.” பிறகு, “நாளைக்கு வர்றேன். பொடியை அள்ளிப் போடுறேன்னு சண்டைக்கு மட்டும் வராதே” என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்தோம். பாதி வழியில் நான் கேட்டேன்.

“இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருந்தியே, மொதல்லயே என்கிட்ட ஏன்டி சொல்லல?”

அவள் நடையை மெதுவாக்கினாள்.

“மொதல்ல உன் மேலதான்க்கா சந்தேகப்பட்டேன்.”

“என் மேலயா?”

“உன் தொட்டித் தண்ணி வடக்குக் கால்வாயிலதான் போகுது. பிளீச்சிங் போடுற. புல்லு செத்தது வடக்குல. மேனேஜருக்கு இது தோணிச்சுன்னா உன்னை அன்னைக்கே அனுப்பியிருப்பாரு. அதான் யார்கிட்டயும் சொல்லாம உன் தண்ணியைக் கேன்ல பிடிச்சு, ஷெட்டுக்குப் பின்னால நல்ல புல்லுல பன்னெண்டு நாள் ஊத்திப் பார்த்தேன். புல்லு சாகல. அதுக்கப்புறம்தான் புழுவைத் தேடினேன். முழுசாத் தெரியாம வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்.”

என்னால் சும்மா வர முடியவில்லை. அவள் சொன்ன பிறகு நான் சொல்லாமல் இருப்பது சரியில்லை. “நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன்டி. எட்டு நாள்.”

“தெரியும்க்கா. கேன்ல கோடு பார்த்தேன்.”

“கோச்சுக்கிட்டியா? நீயும்தான் என்னைப் பன்னெண்டு நாள் சந்தேகப்பட்டிருக்க. நாலு நாள் அதிகம்.”

“நான் பன்னெண்டு நாளும் ஊத்தி ஊத்திப் பார்த்தேன்க்கா” என்றாள். “நீ எட்டு நாளும் சும்மா நினைச்சுக்கிட்டே இருந்த.”

பஸ் வந்தது. கூட்டம். அவள் முன்னால் ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள். வீடு வரும்வரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.